ஒட்டுண்ணிக் குளவிகளின் குலமுறை



இந்தக் கருத்தரங்கு சாமராஜநகரில் கூடுவது மிகப் பொருத்தம். ஒட்டுண்ணிக் குளவிகளில் புதிய பேரினம் ஒன்று 2022-இல் இம்மாவட்டத்துப் பிலிகிரிரங்கன் மலையிலிருந்து அறிவிக்கப்பட்டது. பெங்களூரு ஏட்ரீ நிறுவனத்தின் ரஞ்சித்தும் பிரியதர்சனன் தர்மராஜனும் அதை விவரித்து, மலையின் தொல்குடிகளான சோலிகரைப் போற்றும் வகையில் 'சோலிகா எகாரினேட்டா' எனப் பெயரிட்டார்கள். பல ஆண்டுகளுக்கு முன் காட்டில் பிடித்துச் சேமித்திருந்த பூச்சிகளிடையே அது கிடைத்தது. இக்னியுமோனிடே குடும்பம், மெட்டோபியினே துணைக்குடும்பம். இவ்வகைக் குளவிகள் அந்துப்பூச்சிப் புழுக்களின் உடலுக்குள் வளரும். புழு கூட்டுப்புழுவான பின்பே அதை முடித்துவிட்டு வெளியேறும்.

சோலிகாவின் உடலில் சில புடைவரம்புகள் இல்லை. நம் துறையின் பெரிய சிக்கலே இங்குதான் இருக்கிறது. ஓர் உறுப்பு இருப்பது உறவுக்குச் சான்றாகலாம். இல்லாதிருப்பதை அப்படி எளிதில் நம்ப முடியாது. உடல் சிறுத்த குலங்களில் இறக்கை நரம்புகள் தனித்தனியே பலமுறை மறைந்திருக்கின்றன. இந்தச் சிக்கலுக்கு ஓர் எடுத்துக்காட்டு: கால்சிடாய்டியா பெருங்குடும்பத்தில், எங்கும் சேராதவற்றையெல்லாம் டெரோமாலிடே குடும்பத்தில் போட்டுவைத்தோம். மரபணுச் சான்றுகள் வந்த பின் 2022-இல் அது பல குடும்பங்களாகப் பிரிந்தது; இன்று கால்சிடாய்டியாவில் 50 குடும்பங்கள்.

இதை ஏட்டுச் சண்டை என்று நினைப்பவர்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போக வேண்டும். இடைக்கணுப்புழுவுக்காக உழவர்கள் கட்டும் முட்டை ஒட்டுண்ணி அட்டையில் இருப்பது டிரைக்கோகிரம்மா. ஒரு மில்லிமீட்டர்கூட இராது. வெளித்தோற்றத்தில் எல்லாச் சிற்றினங்களும் ஒன்றுபோலவே தெரியும். பெங்களூரில் பணியாற்றிய சுதா நாகர்கட்டியும் நாகராஜாவும் ஆண் குளவியின் இனப்பெருக்க உறுப்பைக் கொண்டு அவற்றைப் பிரித்தறியலாம் என்று 1971-இல் காட்டினார்கள். நம் நாட்டில் நெடுங்காலம் 'ஆஸ்ட்ராலிக்கம்' என வழங்கியது உண்மையில் 'கைலோனிஸ்' என்பதும் பின்னர் தெளிந்தது. சிற்றினம் தவறினால் எந்த முட்டையைத் தேடும், எந்த வெயிலைத் தாங்கும் என்ற கணக்கெல்லாம் தவறும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். ஒட்டுண்ணி வாழ்வு குளவிக் குலத்தில் ஒரே ஒருமுறை, ஏறக்குறைய 25 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியது என்பதே இன்றைய சான்றுகளின் முடிவு. தேனீயும் எறும்பும் அந்த ஒட்டுண்ணி முன்னோரின் வழித்தோன்றல்களே. எனவே அவற்றை விலக்கிவிட்டு 'பாரசிட்டிகா' என்று தனிக்குழு வகுப்பது இயற்கையான பிரிவு ஆகாது. பாடத்திட்டங்களிலிருந்து அதை நீக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

இளம் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். புழுவை வளர்த்துக் குளவி எடுக்கும்போது, அந்தப் புழுவின் தலையுறையையும் கூட்டுப்புழுத் தோலையும் எறிந்துவிடாதீர்கள். குளவிகளில் ஒரு பகுதியை ஊசியில் குத்தி உலரவையுங்கள். மறுபகுதியை 95 விழுக்காடு எத்தனாலில் போடுங்கள். செடி, ஊர், நாள் எழுதிய சீட்டுடன் பொதுச் சேகரிப்பு ஒன்றில் சேர்த்துவிட்டு, அதன்பின் கட்டுரை எழுதுங்கள்.