மாடித் தோட்டத்தில் தேனீக்கும் இடம் கொடுப்போம்

“பூசணி நல்லா பூக்குது, ஆனா பிஞ்சு வெம்பி உதிருதே”ன்னு மாடித் தோட்டம் போட்ட பலர் கேட்கிறீங்க. பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. விடியலில் விரியும் பூ மதியத்துக்குள் வாடிவிடும். அதற்குள் தேனீ மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்தால்தான் காய்.

தேனீ வர மூன்று வேலை:

1. துளசிக் கதிரைக் கிள்ளாமல் பூக்க விடுங்க.

2. தட்டில் கூழாங்கல் பரப்பி, கல் மூழ்காத அளவு தண்ணீர் வையுங்க, தினமும் மாத்துங்க.

3. காலையில் மருந்து அடிக்காதீங்க. வேப்பெண்ணெய்க் கரைசல்கூட மாலையில்தான்.

சுவர் இடுக்கில் கொசுத்தேனீ கூடு இருந்தால் சிமென்ட் பூசி அடைச்சிடாதீங்க. அது கொட்டாது, உங்க தோட்டத்துக்குத்தான் உழைக்குது.