முடியில் பின்னிய துக்கம்



2019ஆம் ஆண்டு. பிரிட்டனில் பழம்பொருள்களை மதிப்பிட்டுச் சொல்லும் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி. பரணில் கிடந்த பெட்டியிலிருந்து கிடைத்ததாக ஒரு பெண்மணி மோதிரம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் உட்பக்கத்தில் ‘ஜேன் அயர்’ நாவலை எழுதிய சார்லோட் பிராண்டேயின் பெயரும், அவர் மறைந்த 1855 மார்ச்சும் பொறிக்கப்பட்டிருந்தன. மோதிரத்தில் கீல் வைத்த சின்ன மூடி. திறந்தால், சன்னமாகப் பின்னிய தலைமுடி!

இறந்தவரின் முடியை நகையாக்கி அணிவதா என்று சிலருக்கு மனம் கூசலாம். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது சாதாரண வழக்கம். உடல் மண்ணோடு போகும். முடி நூறாண்டு தாண்டியும் அப்படியே இருக்கும். புகைப்படம் எல்லோருக்கும் எட்டாத காலத்தில், போனவரிடமிருந்து வேறு எதை எடுத்து வைத்துக்கொள்ள முடியும்? 1861 டிசம்பரில் கணவர் ஆல்பர்ட்டை இழந்த விக்டோரியா மகாராணி, 1901இல் தாம் இறக்கும்வரை கறுப்பு உடையைக் கைவிடவில்லை. கணவரின் முடி வைத்த நகையையும் அணிந்தார். மகாராணியைப் பார்த்து மக்களிடமும் வழக்கம் வலுத்தது.

செய்வது எளிதன்று. முதலில் முடியைச் சோடா கலந்த நீரில் கொதிக்கவைத்துப் பிசுக்கை நீக்க வேண்டும். நீளம் பார்த்துப் பிரித்து, சில முடிகளாக எண்ணிச் சேர்த்து, ஒவ்வொரு புரியின் நுனியிலும் எடைக்குண்டு கட்ட வேண்டும். நடுவில் துளையுள்ள வட்ட மேசையைச் சுற்றி அவை தொங்கும். குண்டுகளை இடம் மாற்றி மாற்றிப் போட, துளைக்குள் சங்கிலி இறங்கும். அதை மறுபடி கொதிக்கவைத்து உலர்த்தினால் வடிவம் நிலைத்துவிடும். கடைசியில் முனைகளுக்குத் தங்கப் பூண். ஸ்வீடனில் வோம்ஹூஸ் என்ற ஊரின் ஏழைப் பெண்கள் இந்தத் தொழிலை நம்பியே பிற ஐரோப்பிய நாடுகளுக்குப் பிழைக்கப் போனார்கள்.

ஆனால் கடைக்காரர் வேறு யாருடைய முடியையோ பின்னிக் கொடுத்துவிட்டால்? இந்தச் சந்தேகம் பலரை வாட்டியது. வீட்டிலேயே பின்னக் கற்றுக்கொண்டார்கள். 1867இல் அமெரிக்காவில் மார்க் கேம்பெல் என்பவர் இதைக் கற்றுத்தரும் ஒரு பயிற்சி நூல் வெளியிட்டார். இந்த நகைகளின் பெருமை தங்கத்தில் இல்லை, அந்தக் கவலையில்தான் இருக்கிறது என்பேன். தன் பிள்ளையின் முடியை வேறொருவர் கையில் கொடுக்க மனமில்லாத ஒரு தாய், தானே உட்கார்ந்து பின்னியிருக்கிறாள்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கம் மங்கியது. இன்று இவை ஏலத்திலும் அருங்காட்சியகங்களிலும் இருக்கின்றன. எங்காவது பார்க்க நேர்ந்தால், பின்புறத்தைக் காட்டச் சொல்லுங்கள். பெயரும் தேதியும் பல நகைகளில் அங்கேதான் பொறித்திருக்கும். அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.