அடுத்த ஆண்டும் மழை பொய்த்தால்?

சென்னைக்கு மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) குடிநீர் வேண்டும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை ஆகிய ஐந்து ஏரிகளும் ததும்ப நிரம்பினால் கையிருப்பு 11.7 டி.எம்.சி. வெயிலில் ஆவியாவதைக் கழித்தால் இது ஓராண்டுக்குக்கூடக் காணாது. ஏரிகள் நிரம்பிவிட்டன என்ற செய்தி தரும் நிம்மதிக்கு ஆயுள் அவ்வளவுதான்.

சென்னையின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 140 சென்டிமீட்டர். ஆனால் சராசரியாகப் பெய்யும் ஆண்டு அபூர்வம். 2015 டிசம்பரில் ஊரே வெள்ளத்தில் மிதந்தது. மறு ஆண்டே வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2018இல் மீண்டும் பொய்த்தது. 2019 ஜூனில், அப்போது நகருக்கு இருந்த முக்கிய ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டுவிட்டன. நாளொன்றுக்கு 83 கோடி லிட்டராக இருந்த விநியோகம் 52.5 கோடியாகக் குறைக்கப்பட்டது.

ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் வந்தது பலருக்கும் நினைவிருக்கும். ஒரு ரயில் கொண்டுவந்தது 25 லட்சம் லிட்டர். நகரின் ஒரு நாள் விநியோகத்தில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. உண்மையில் நகரைத் தாங்கியவை வேறு. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இருந்தன. சிக்கராயபுரம் கல்குவாரிகளும் விவசாயக் கிணறுகளும் கைகொடுத்தன. எல்லாவற்றுக்கும் மேலாக வீராணம் ஏரி இருந்தது. சென்னையில் மழை இல்லாத அந்த 2018இல் குடகில் தென்மேற்குப் பருவமழை கொட்டி, மேட்டூர் அணை நிரம்பியிருந்தது. காவிரி வழியாக வீராணத்துக்கு வந்த நீர், 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணித்துச் சென்னையின் தாகம் தணித்தது.

இங்கேதான் திட்டமிடலின் உயிர்நாடி இருக்கிறது. எத்தனை நீராதாரங்கள் இருக்கின்றன என்பதோடு கணக்கு முடிவதில்லை. அவை அனைத்தும் ஒரே நேரத்தில் வற்றுமா என்று பார்க்க வேண்டும். பூண்டியும் புழலும் ஒரே மழையை நம்பியவை. அது தவறினால் இரண்டும் சேர்ந்தே வற்றும். காவிரியும், ஆந்திரத்திலிருந்து வரும் கிருஷ்ணா நீரும் வேறொரு பருவமழையை நம்பியவை. கடல்நீர் எந்த மழையையும் நம்பியதில்லை. ஆனால் மின்சாரத்தை விழுங்கும். சுத்திகரித்த கழிவுநீரும் மழைக்குக் காத்திராது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் அப்படிச் சுத்திகரித்த நீர் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. அந்த அளவு நன்னீர் வீடுகளுக்கு மிஞ்சுகிறது. இதை இன்னும் பல மடங்கு விரிவாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

1983இல் கையெழுத்தான கிருஷ்ணா ஒப்பந்தப்படி சென்னைக்கு ஆண்டுக்கு 12 டி.எம்.சி. வர வேண்டும். பெரும்பாலான ஆண்டுகளில் அவ்வளவு வந்ததில்லை. திட்டக் கணக்கில் 12 என்று எழுதுவது ஆபத்து. மிக வறண்ட ஆண்டில் எவ்வளவு வந்ததோ அதைத்தான் எழுத வேண்டும்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. 3,000 இணைப்புகளுக்கு மேல் உள்ள ஒவ்வொரு நகரக் குடிநீர் அமைப்பும், ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை மூன்று கணக்குகளை மக்கள் முன் வைக்க வேண்டும். வழக்கமான ஆண்டில் எவ்வளவு கிடைக்கும், ஓராண்டு வறண்டால் எவ்வளவு, தொடர்ந்து ஐந்தாண்டுகள் வறண்டால் எவ்வளவு? பற்றாக்குறை எந்த அளவை எட்டினால் எந்தப் பயன்பாடு நிறுத்தப்படும் என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்.

அப்படி எழுதிவைக்காத ஊரில் வறட்சியின் பாரம் முழுவதும் ஏழைகள் தலையில் இறங்குகிறது. வீட்டுக்கு அடியில் தொட்டி உள்ளவர்கள் லாரித் தண்ணீர் வாங்கிக்கொள்வார்கள். குடமும் கையுமாகத் தெருவில் நிற்பவர்களுக்கு அந்த வழி இல்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் பிந்துகிறார்கள்; பெண்கள் ஒரு நாள் கூலியை இழக்கிறார்கள்.

வடகிழக்குப் பருவமழை டிசம்பர் இறுதியில் ஓய்கிறது. ஜனவரி முதல் வாரத்திலேயே கையிருப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். இந்த ஆண்டும் மழை பொய்த்தால் எந்த மாதத்தில், எந்தப் பகுதியில், எவ்வளவு குறைப்போம் என்பதை அந்த வாரமே குடிநீர் வாரியம் அறிவிக்க முடியும். அதைக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. ஏரிகள் நிரம்பிய ஆண்டிலும் கேட்போம்.