காலம் ஓடுகிறது என்றால் நாம் எங்கே நிற்கிறோம்?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஏழாம் வகுப்பில் முக்காலம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் ஒரு கோடு. இடப்பக்கம் இறந்தகாலம், நடுவில் நிகழ்காலம், வலப்பக்கம் எதிர்காலம். வழக்கம்போல், “காலம் ஆற்றைப்போல ஓடிக்கொண்டே இருக்கும்” என்றேன். கடைசி வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள்.

“நாம கரையில நிக்கிறோமா, தண்ணியோட போறோமா சார்?”

“உட்காரும்மா, அப்புறம் சொல்றேன்” என்றேன். அந்த ‘அப்புறம்’ வர மூன்று வாரம் ஆயிற்று. எனக்கே விடை தெரியவில்லை என்பதுதான் உண்மை.

தேடிப் படித்தேன். அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட உளவியல் நூலில், மனித உணர்வு சங்கிலிபோலக் கண்ணி கண்ணியாகக் கோத்தது அன்று, அது நீரோடை என்கிறார். அப்படியானால் கரையே இல்லை, நாமே ஓடை. ஆனால் தண்ணீரோடு போகும் சருகுக்கு ஓட்டம் எப்படித் தெரியும்? ஆற்று உவமை இங்கே கைவிட்டுவிடுகிறது.

ஜெர்மானிய மெய்யியலாளர் எட்மண்ட் ஹுசர்ல், 1905-இல் காலவுணர்வு பற்றி ஆற்றிய விரிவுரைகளில், ஆற்றை விட்டுவிட்டு இசையைக் கையில் எடுத்தார். ஒலித்து முடிந்த சுரம் மனத்தில் உடனே மறைந்துவிட்டால் பாட்டே கேட்காது. எல்லாச் சுரமும் ஒன்றாக ஒலித்தால் வெறும் இரைச்சல். சற்றுமுன் கேட்டதைப் ‘போனது’ என்ற உணர்வோடு பிடித்துக்கொண்டு, அடுத்ததை எதிர்பார்த்தும் இருக்கிறோம்.

இதை வகுப்பில் செய்து பார்த்தேன். தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாடி நடுவில் சட்டென நிறுத்தினேன். வகுப்பே அடுத்த சொல்லைப் பாடியது! இதற்குக் கருவி, செலவு எதுவும் வேண்டாம்.

நம் சொற்களைப் பாருங்கள். ‘இறந்த’ என்பதற்கு இங்கே ‘கடந்த’ என்றே பொருள். பிள்ளைகள் ‘செத்த’ என்று எடுத்துக்கொள்கிறார்கள், நாமும் திருத்துவதில்லை. ‘முன்னோர்’ என்றால் போனவர்கள். ‘பின்னர்’ என்றால் இனி வருவது. ஆனால் வருங்காலம் ‘எதிர்’காலம்! ஒரே மொழிக்குள் இரண்டு திசைகள்.

கோட்டை நான் அழித்துவிடவில்லை, வரலாற்றுப் பாடத்துக்கு அது வேண்டும். பிள்ளைகளை மட்டும் அதன்மேல் நிற்கவைத்தேன். தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, “எதிர்காலம் எந்தப் பக்கமோ அங்கே திரும்பி நில்லுங்கள்” என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். அந்த மாணவி மட்டும் அதற்கு முதுகைக் காட்டி நின்றாள். ஏன் என்று கேட்டேன்.

“நடந்ததுதானே சார் கண்ணுக்குத் தெரியுது. வரப்போறது தெரியலையே?”

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் பேசப்படும் ஐமாரா மொழியில் கடந்தகாலம் கண்ணுக்கு முன்னே இருக்கிறது, வருங்காலம் முதுகுக்குப் பின்னே. அந்த மொழியைப் பற்றி அவளுக்கு நான் அதுவரை சொல்லியிருக்கவில்லை.