தொழில் நடத்துவோர்க்குச் சொல்வன்மை

(இராமநாதபுரத்தில் கூடிய நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)

  

இன்று சில வார்த்தைகள் பேசுமாறு நிர்வாக சபையார் என்னைப் பணித்தபொழுது, எதனைப் பேசுவதென்று யான் நெடிது ஆலோசிக்க நேரவில்லை. நம் இளைஞர் சிலர் ஒன்றுகூடிக் கூட்டு வியாபாரம் ஒன்று தொடங்க எண்ணி, அதற்கு நம் குடும்பங்களிடத்தே பங்கு சேர்க்கப் போகின்றனர் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவர்களுக்குக் கல்வி உண்டு, கணக்குத் தெரியும், கணிப்பொறியும் தெரியும். முதலும் ஒருவாறு சேர்ந்துவிடும். ஆனால், தம் உள்ளத்திலுள்ள எண்ணத்தைப் பிறர் உள்ளத்திலும் வேரூன்றச் செய்து, அவர்களைத் தம்மோடு மனமுவந்து உழைக்கச் செய்யும் வன்மை அவர்களுக்கு உண்டா என்பதே என் கேள்வி. இவ்வன்மையைப் பணம் கொடுத்து வாங்க இயலாது. பள்ளிக்கூடத்திலும் எளிதில் கற்க இயலாது. திருவள்ளுவர் அமைச்சனுக்குரிய இலக்கணங்களைக் கூறப் புகுந்தவிடத்துச் சொல்வன்மைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார் என்பதை நினைவுகூர்க.

இதற்கு உதாரணம் தேடித் தூரதேசம் போக வேண்டுவதில்லை. நம் கரைக்குத் தெற்கே, தூத்துக்குடித் துறைமுகத்தில் நிகழ்ந்த வரலாறே நமக்குப் போதிய பாடமாகும். அதில் நம் இராமநாதபுரத்தாருக்கும் சிறந்த பங்குண்டு.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடிய கப்பல் வியாபாரம் அக்காலத்தில் ஆங்கிலேயராகிய பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியார் கையில் இருந்தது. 1906ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 16ஆம் தேதி சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பெற்றது. அதனை எண்ணித் தொடங்கியவர் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வக்கீல் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள். மூலதனம் பத்து லட்ச ரூபாய். பங்கு ஒன்றுக்கு ரூபாய் 25 வீதம் 40,000 பங்குகள். பங்கின் தொகையை ஆயிரம் ரூபாயாக வைத்திருந்தால் செல்வர் சிலரே சேர்ந்திருப்பர். 25 ரூபாயாக வைத்தமையால், நடுத்தரக் குடும்பத்தாரும் ‘இது என் கப்பல்’ என்று சொல்லத்தக்க நிலை உண்டாயிற்று. மேடையில் ஏறுமுன்னரே அப்பெருமகனார் பேசிய முதற்பேச்சு இதுவே என்பது என் அபிப்பிராயம்.

அக்கம்பெனியின் தலைவராக அமர்ந்தவர் யாவர்? நம் இராமநாதபுரத்தில் 1867ஆம் ஆண்டு தோன்றிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் அவர்கள். 1901ஆம் ஆண்டு மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய வள்ளலும் அவரே. ஹாஜி முகம்மது பக்கீர் சேட் அவர்கள் இரண்டு லட்ச ரூபாய்க்கு 8,000 பங்குகள் எடுத்துக்கொண்டார். சிதம்பரம் பிள்ளையோ கம்பெனியில் உதவிக் காரியதரிசிப் பதவியையே ஏற்றார். இதனைச் சற்றே சிந்தியுங்கள். கற்றோரும் பிரபுக்களும் நம்புதற்குத் தேவரின் பெயர். வர்த்தகர் நம்புதற்குச் சேட்டின் பணம். பொதுஜனங்களின் உள்ளத்தை எழுப்புதற்குத் தம்முடைய நாவு. யார் சொன்னால் யார் கேட்பர் என்பதை அறிந்து, தாம் பின்னே நிற்க வேண்டிய இடத்தில் பின்னே நின்றமை சொல்வன்மையின் உயர்ந்த பகுதியாகும். நம்மவருள் எத்தனை பேருக்கு இது கைகூடும்? பத்திரிகையில் முதற்பெயர் தமதாக இல்லையென்று கூட்டை முறித்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா?

முதலில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயிலுள்ள ஒரு கம்பெனியாரிடம் வாடகைக்கு எடுத்தனர். எதிரிகளின் நிர்ப்பந்தத்தால் அவ்வேற்பாடு முறிந்தது. அப்பொழுது சிதம்பரம் பிள்ளை, கப்பலோடு திரும்புவேன், இன்றேல் கடலில் வீழ்ந்து மாய்வேன் எனச் சூளுரைத்துப் பம்பாய் சென்றார் எனக் கூறுவர். 1907ஆம் ஆண்டில் காலியோ, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. பிறரைத் துணிந்து பணம் போடச் சொன்னவர் தம் உயிரையே பணயமாக வைத்தார். அதனாலேயே அவர் சொல் பலித்தது. தான் ஒன்றும் இழக்கத் துணியாதவன் எத்துணை இனிமையாகப் பேசினும் அஃது ஓட்டைத் தோணியில் ஏற்றிய சரக்கே.

நிற்க. அவருடைய சொல்வன்மை முதல் சேர்த்ததோடு நின்றதில்லை. 1908ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வும் வார விடுமுறையும் அவர்கள் கோரியவை. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவமும் அவர்களிடையே பேசினர். பேசிவிட்டு வீடு சென்று உறங்கினார்களா? இல்லை, கூலியின்றி இருந்த குடும்பங்களுக்கு உணவுக்கும் வேலைக்கும் ஊராரிடம் ஏற்பாடு செய்தனர். மார்ச்சு மாத முதல் வாரத்தில் ஆலையார் இணங்கினர். தொழிலாளியின் பசியை அறிந்து பேசிய பேச்சாதலின் அது தொழிலாளியின் நெஞ்சில் தைத்தது.

ஆனால், சகோதரர்களே! இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் மறையாமல் கூறுதல் என் கடமை. எதிர்க் கம்பெனியார் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தனர். சுதேசிக் கம்பெனியார் எட்டணாவாகக் குறைத்தனர். பின்னர் அவர்கள் இலவசமாகவே ஏற்றி, ஆளுக்கொரு குடையும் கொடுத்தனர். சுதேசிக் கப்பல்களில் கூட்டம் குறைந்தது, நஷ்டம் பெருகியது. 1908 மார்ச்சு 12ஆம் தேதி சிதம்பரம் பிள்ளை கைது செய்யப்பெற்றார். ஜூலை மாதம் நாற்பதாண்டுத் தண்டனை விதிக்கப்பெற்றார். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. சிறையில் செக்கிழுத்து 1912 டிசம்பரில் வெளிவந்தபொழுது கம்பெனி இல்லை. 1911ஆம் ஆண்டிலேயே அது கலைந்துவிட்டது. அதன் கப்பல்களுள் ஒன்று போட்டிக் கம்பெனியார் கைக்கே போயிற்று என்பர்.

இதிலிருந்து நாம் கற்பது யாது? அரசாங்கத்தின் கொடுமையும் பெருமுதலாளிகளின் பண வலிமையுமே முதற்காரணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வேறொன்றும் உண்டு. கம்பெனியின் உயிர் ஒருவருடைய நாவில் நின்றது. அந்நாவை அடைத்தவுடன் அதே உறுதியோடு பங்குதாரரைத் தேற்றவும் பிரயாணிகளை அழைக்கவும் வேறொருவர் எழவில்லை. ஆதலின், தலைவனாயிருப்பவன் தானே நன்றாகப் பேசுவதனால் மாத்திரம் கடமை தீர்ந்ததாக எண்ணலாகாது. தான் இல்லாத நாளிலும் தன் எண்ணத்தை எடுத்துரைக்க நால்வரையேனும் ஆயத்தம் செய்தவனே தலைவன். தோணியில் தண்டல் ஒருவனே நீரோட்டத்தை அறிவான் என்றால், அவன் காய்ச்சலாய்ப் படுத்த அன்று தோணி கரையிலேயே கிடக்கும்.

பெரியார் கதை இருக்கட்டும். என் சிறுமையையும் கூறுகிறேன். எங்கள் மிளகாய் மண்டியில் சில ஆண்டுகளுக்கு முன்னர், முண்டு மிளகாயைத் தரம் பிரித்து, ஈரம் போகத் தார்ப்பாயில் உலர்த்தியே மூட்டை கட்ட வேண்டுமென்று திடீரென உத்தரவிட்டேன். காரணம் ஒருவருக்கும் சொல்லவில்லை. காம்பு கிள்ளும் பெண்கள் முணுமுணுத்தனர், வேலை மந்தமாயிற்று, யான் கடிந்துகொண்டேன், நால்வர் நின்றுவிட்டனர். என் தந்தையார் காலந்தொட்டு இருக்கும் கணக்கப்பிள்ளை என்னைத் தனியே அழைத்து, “தம்பி, செய் என்றால் கை செய்யும், எதற்கு என்று சொன்னால்தான் மனமும் சேர்ந்து செய்யும். அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்” என்றார். எனக்கு வெட்கமாயிற்று. மறுநாள், வெளியூர் வியாபாரி திருப்பி அனுப்பிய பூஞ்சை பிடித்த மிளகாய்ப் பொதியைக் களத்தில் அவிழ்த்துக் காட்டினேன். அதனால் நேர்ந்த நஷ்டத்தையும் ஒளிக்காமல் சொன்னேன். சற்று நேரம் மௌனம். பின்பு ஒரு மூதாட்டி, “பனி இறங்குமுன்னே வாரிக் குவித்து மூடினால் இப்படி ஆகுமா? எங்களைக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்போமே” என்றார். அவர் சொன்னவாறே செய்தோம். அதன்பின் அத்தகைய பொதி திரும்பி வந்ததில்லை. நின்றவர்களுள் இருவர் மீண்டனர், இருவர் மீளவில்லை. அவ்விருவரும் என் வாயால் யான் இழந்த முதல். பேச்சுத் திறம் என்பதிற் பாதி கேட்குந் திறமே என்பதை அன்று உணர்ந்தேன்.

இன்னுமோர் உதாரணம். இது வியாபாரத்தைச் சார்ந்ததன்று. எனினும் பலரை வைத்து வேலை வாங்குவோர் யாவர்க்கும் பொருந்துவது. நம் இராமேசுவரத்தில் 1931ஆம் ஆண்டு தோன்றி, பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம் அவர்களின் பொறுப்பில், 1979ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் தேதி ஏவப்பெற்ற ஏவுகணம் சில நிமிஷங்களில் வங்கக் கடலில் வீழ்ந்தது. அன்று பத்திரிகையாளர் முன் வந்து தோல்வியைத் தம் தோளில் ஏற்றவர் விண்வெளி நிறுவனத் தலைவர் சதீஷ் தவன். 1980 ஜூலை 18ஆம் தேதி வெற்றி கிட்டியபொழுதோ, பத்திரிகையாளரைச் சந்திக்குமாறு கலாம் அவர்களையே முன்னே அனுப்பினார். இதனைக் கலாம் அவர்களே பல மேடைகளில் நன்றியோடு எடுத்துரைத்துள்ளார். நம் கடைகளிலும் மண்டிகளிலும் நடப்பதென்ன? லாபம் வந்தால் முதலாளியின் சாமர்த்தியம். நஷ்டம் வந்தால் வேலையாளின் மூடத்தனம்! இவ்வழக்கம் உள்ளளவும் நம் பிள்ளைகளே நம்மோடு தொழில் செய்ய விரும்பாது சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போவதைத் தடுக்க இயலாது. அவர்கள் சம்பளத்தை நாடி மட்டும் போகிறார்களில்லை; மதிப்பையும் நாடியே போகிறார்கள்.

ஆகவே, கூட்டு வியாபாரம் தொடங்கும் இளைஞர்களுக்கு யான் விண்ணப்பித்துக்கொள்வன சில. நீங்கள் செய்யப்போவது இன்னதென்று உங்கள் பாட்டியாருக்கும் விளங்கும் தமிழில் சொல்லப் பழகுங்கள். அவ்வாறு சொல்ல இயலாதாயின் அஃது உங்களுக்கே இன்னும் விளங்கவில்லை என்பது பொருள். மாதந்தோறும் வேலையாட்களைக் கூட்டி, வரவையும் செலவையும், நஷ்டம் உட்பட, மறையாது கூறுங்கள். கூறியபின் வாய்மூடி அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். பிழையைத் தனித்துச் சொல்லுங்கள். புகழைப் பலரறியச் சொல்லுங்கள். உங்களில் ஒருவரே எப்பொழுதும் பேசாமல், பெண்மக்கள் உள்ளிட்ட யாவரும் முறைவைத்துப் பேசுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, கணக்கு இடம் கொடாததை நாவினால் வாக்களியாதீர்கள்.

பெரியோர்களுக்கும் ஒரு வார்த்தை. இவ்விளைஞர் பங்கு கேட்டு நம் வீட்டுத் திண்ணைக்கு வரும்பொழுது, ‘உனக்கு என்ன தெரியும்’ என்று முகத்தைத் திருப்பாதீர்கள். உறவுக்காகக் கேளாமல் கொடுத்துவிடவும் வேண்டாம். உட்காரவைத்து, கேட்க வேண்டிய கேள்விகளையெல்லாம் கேளுங்கள். திருப்தியானால் கொடுங்கள், இல்லையேல் குறையைச் சொல்லி, சரிசெய்துகொண்டு மீண்டும் வரச் சொல்லுங்கள்.

 இறைவன் அருள்வானாக!