சத்தம் எந்த நிமிஷத்தில் ஆரம்பித்தது?

(மாட்டுங்காவில் பயிற்சி ஆசிரியைகளுடன் நடந்த சந்திப்பில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பேசியது)

1932-லேயே தென்னிந்தியக் கல்விச் சங்கம் (எஸ்.ஐ.இ.எஸ்.) தோன்றிய பேட்டை இது. இங்கே வாத்தியார் வேலைக்குத் தனி கௌரவம் உண்டு. ஆனால் சற்று முன் முன்வரிசைப் பெண் ஒருத்தி, "மாமி, எனக்கு இது சரிப்படாது, பி.எட்.டை விட்டுடலாம்னு இருக்கேன்" என்றாள். அதனால் எழுதி வந்த பேச்சை ஒதுக்கிவிட்டு என் கதையைச் சொல்கிறேன்.

பயிற்சிக் காலத்தில் ஏழாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்தினேன். வகுப்பு சந்தைக்கடையாகிவிட்டது. தலைமையாசிரியை வந்து குழந்தைகள் எதிரிலேயே என்னைக் கடிந்துகொண்டார். வீடு வரைக்கும் அழுதேன். மறுநாள் ஒரு மூத்த ஆசிரியை ஆறுதல் ஏதும் சொல்லவில்லை. "சத்தம் எந்த நிமிஷத்தில் ஆரம்பித்தது?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "தினம் சாயங்காலம் எழுது" என்றார்.

நாலாம் நாள் புரிந்தது. நோட்டுகளை நான் ஒவ்வொன்றாகக் கொடுக்கும்போதுதான் சத்தம் கிளம்பியது. மற்றவர்களுக்கு அப்போது வேலையே இல்லை! போர்டில் முதலிலேயே ஒரு கணக்கை எழுதி, நோட்டு கொடுப்பதை வரிசைக்கு ஒரு குழந்தையிடம் விட்டேன். பாதி இரைச்சல் அடங்கிற்று. குறை என் லாயக்கில் இல்லை, நோட்டுக் கட்டில்!

அமெரிக்காவில் ஜேக்கப் கூனின் என்பவர் 1970-ல் வெளியிட்ட ஆராய்ச்சியும் இதையேதான் சொல்கிறது. குழப்பம் வந்தபின் எப்படி அதட்டுகிறோம் என்பதில் பெரிய வித்தியாசம் இல்லையாம். வகுப்பு முழுவதும் கண்ணில் இருப்பதும், ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குத் தடங்கலின்றிப் போவதும்தான் முக்கியமாம். எங்கள் காலத்து ஸ்கேலும் இப்போது கிடையாது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அடியையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடுக்கிறது. நல்லதாயிற்று.

2014 விதிகளின்படி பி.எட். இரண்டு வருஷமாகி, பள்ளி அனுபவத்துக்கு 20 வாரம் ஒதுக்கினார்கள். டைரியும் எழுதச் சொல்கிறார்கள். ஆனால் மார்க்குக்காக எழுதும் டைரியில் எல்லா வகுப்பும் வெற்றிதான்! யாருக்கும் காட்டாத ஒரு நோட்டு தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெவ்வேறு ஊர்களில் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரிய உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பயிற்சிப் பெண்ணிடம் வாரம் ஒரு நாள் அரைமணி பேசுங்கள். புத்திமதி வேண்டாம், கேள்வி கேளுங்கள்.

முன்வரிசைப் பெண்ணே, என் பழைய நோட்டு பையில் இருக்கிறது. காபி வேளையில் வா, நாலாம் பக்கத்தைக் காட்டுகிறேன்.