படித்துறையும் நம்ம குழுக் கூட்டமும்
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன வாரம் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தேன். வேலை முடிந்ததும் பக்கத்தில் கொக்கிரகுளம் படித்துறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். திருநெல்வேலியில் வாக்கப்பட்ட சொந்தக்காரர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். குறுக்குத்துறை, சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை என்று ஒவ்வொரு பகுதிக்கும் தாமிரபரணியில் ஒரு படித்துறை. விடியுமுன்னே பெண்கள் துணி மூட்டையோடு இறங்குவார்கள். "என்ன மதினி, ரெண்டு நாளா ஆளைக் காணோம்?" என்று ஒருத்தி கேட்பாள். காய்ச்சல் என்றால் சாயங்காலம் கஞ்சி வந்துவிடும். வட்டிக்கு வாங்கினதும், புருசன் அடித்ததும் அந்தத் துவைகல்லில்தான் வெளியே வரும்.

அப்புறம் வீட்டுக்குள் குழாய் வந்தது. நல்லதுதான், குடம் சுமந்த இடுப்புக்குத் தெரியும். ஆற்றில் சாக்கடையும் கலந்தது. படித்துறையில் கூட்டம் குறைந்தது, அடுத்த வீட்டில் யார் என்றே தெரியாத தெருக்களும் வந்துவிட்டன. 2023 டிசம்பரில் ஆறு ஊருக்குள் வந்தபோது, எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறாள் என்று தெரிந்த ஆள்தான் முதலில் தேவைப்பட்டது.

படித்துறை எல்லாருக்கும் பொதுவாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். யார் எந்தத் துறையில் இறங்கலாம் என்று சாதி பார்த்த காலமும் உண்டு. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், நம்ம குழுவிலேயே ஒன்று நடந்தது. பேர் வேண்டாம்.

அங்கே கூட்டம் எப்பவும் தலைவி வீட்டுத் திண்ணையில். ஒரு உறுப்பினர் சந்தாவை மகளிடம் கொடுத்துவிடுவார், அவர் வரமாட்டார். எல்லாரும் திமிர் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் வீட்டுக்கே போய்க் கேட்டேன். "எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர், எனக்கு மட்டும் பேப்பர் கப்பு. நீங்க பாக்கலியா மேடம்?" என்றார்.

சமூகப்பணி படித்தவள் நான். ஆறு மாசம் அதே திண்ணையில் காப்பி குடித்திருக்கிறேன். பார்க்கவில்லை.

கூட்டத்தைப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடிக்கு மாற்றினோம். அவர் வருகிறார், இப்போது கணக்கு நோட்டும் அவர் கையில்தான். வேறு இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். அவர்கள் வீட்டுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

மழை வந்தால் மரத்தடி ஆகாது. சில ஊரில் மகளிர் குழுக் கட்டிடம் பூட்டிக் கிடக்கிறது, உள்ளே யாரோ வைத்த சிமெண்ட் மூட்டை. 2022-லிருந்து கிராம சபை வருசத்துக்கு 6 தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த சபையில் எல்லாருமாகப் போய்ச் சாவியைக் கேளுங்கள். மனு எழுத நான் வாரேன்.